ஒரு கல் உப்பு

மதுரை
13-7-86, ஞாயிறு

முருகம்மாளுக்கு,

வந்து சேர்ந்தோம். நேற்று மாலை ஆவுடையை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெண்கள் வார்டில், ஜன்னல் ஓரக் கட்டில். ராஜபாளையம் வரை என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியே வந்தாள். அதன் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏப்பா, கோயில் சுத்து பாதியில நிக்கி. நாளைக்கு என்னையக் கொண்டு விட்டுருவீங்களா?" என்று கேட்டாள்.

இங்கே தராசில் ஏற்றினார்கள். பதினேழு வயதுப் பெண், முப்பது கிலோ இல்லை. முள்ளைப் பார்த்த நர்ஸ் அவளை இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினாள். நம் ஆவுடை, முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை, முருகம்மாள். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஞானபூரணம் என்று ஒரு அம்மாள். பாளையங்கோட்டைக்காரி, பேச்சிலேயே தெரிந்துவிட்டது. ஆவுடையின் மஞ்சளித்த உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். பிறகு கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "காமாலைன்னா மொதல்ல கண்ணுல்லா மஞ்சளாவும் அண்ணாச்சி. கண்ணு சோறு மாதிரி வெள்ளையா இருக்கு. பிள்ளை என்ன சாப்பிடுதா?" என்றார். பொங்கலுக்குப் பிறகு சோற்றைக் குறைத்துவிட்டு கேரட்டும் பப்பாளியும் பரங்கிக்காயுமாகவே தின்கிறாள் என்று சொன்னேன். "அந்த மஞ்சள்தான் கையில நிக்கி" என்றார். காமாலையே இல்லையாம்.

ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்திய பிறகு நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

வாசலில் வைத்து நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நான் சொன்னதையும் நீ மறந்திருக்க மாட்டாய். அதைப் பற்றி எழுத இது நேரமில்லை. அவளுக்கு இரண்டு பாவாடை தாவணியும் சீப்பும் சேக் மைதீனிடம் கொடுத்தனுப்பு. அவர் கண்டக்டராகப் போகும் வண்டி மதியம் இங்கே வருகிறது. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான். வார்டிலேயே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

குருநாதன்

---

சங்கரன்கோவில்
15-7-86

ஆவுடை அப்பாவுக்கு முருகம்மாள் எழுதுவது.

துணி கொடுத்தனுப்பியிருக்கிறேன். சீப்போடு மஞ்சள் துணியில் முடிந்து கோயில் புற்றுமண் வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுவிடுங்கள். அதற்கும் அந்த டாக்டரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள்.

ஆடிச்சுற்றில் மயங்கி விழுந்த பிள்ளை என் பிள்ளை மட்டுமா? வருஷத்துக்கு நாலு பேர் விழுகிறார்கள். தண்ணீர் தெளித்தால் எழுந்து மிச்சத்தைச் சுற்றுகிறார்கள். அம்பாள் நமக்காக ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். அவள் கால் நோவை நாம் சுற்றிச் சுற்றி வாங்கிக்கொள்கிறோம். கொடி ஏறிய மறுநாளே, வேண்டுதலைப் பாதியில் முறித்து, ஊர் பார்க்க அவளை மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனீர்கள். போகிற போக்கில், "நீயே பட்டினி போட்டுக் கொன்னுருவே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் நான் "இனி இந்த வாசப்படி ஏறாதீங்க" என்றேன். எது முதலில் என்பதைச் சரியாக நினைவில் வையுங்கள்.

அவள் விட்ட இடத்திலிருந்து நான் சுற்றுகிறேன். அம்பாளின் ஆடித்தபசு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டேன் என்று கொடிமரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். ஆகையால் என்னை வரச் சொல்லாதீர்கள். திங்கள்கிழமை தபசு. செவ்வாய்க்கிழமை முதல் வண்டியில் வந்துவிடுவேன்.

காமாலை இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். உள்ளங்கை அப்படி மஞ்சளித்திருந்தால் யார்தான் வேறு நினைப்பார்கள்? கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் நிறுத்தினேன். எந்தப் பிள்ளையும் மூன்றாம் நாள் "போதும்மா" என்று அழும். இவள் முகம் சுளிக்கவில்லை. பத்தியம் முடிந்து மறுசோறு போடுகிறேன் என்றபோதும், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா" என்றாள். பொறுமையான பிள்ளை என்று பெருமைப்பட்டேன். பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன்.

ரத்தத்தைப் பார்த்து எல்லாம் சொல்லிவிடுவார்கள் என்றால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் சதை போட்டவள் என்று சின்ன வயசிலிருந்து நீங்கள் அவளை "ஏட்டி குந்தாணி" என்றுதான் கூப்பிட்டீர்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் அதுதான் முதல் வார்த்தை. அவளும் சிரித்துக்கொண்டுதான் வருவாள். வயசுக்கு வந்த பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. அது எந்த ரத்தத்தில் தெரியும் என்று அந்த டாக்டரைக் கேளுங்கள்.

முருகம்மாள்

---

மதுரை
16-7-86

முருகம்மாளுக்கு,

கடிதமும் துணியும் வந்தன. புற்றுமண் இட்டுவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

நீ கேட்டதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டர் என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளை அணுக்கள் குறைவு. கழுத்தில் உள்ள சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டுவிட்டது. தீனி வராது என்று தெரிந்துகொண்ட உடம்பு, அடுப்பைத் தணிப்பது மாதிரி தன்னைத்தானே தணித்துக்கொள்ளுமாம். அதனால்தான் சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டாளாம். எண்ணெயே தொடாத பிள்ளைக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம். இதெப்படி என்று கேட்டேன். உடம்பு தன்னையே தின்னும்போது அப்படி ஆகும் என்றார். இந்த மாதிரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அவர் பார்த்திருக்கிறார். சாப்பிடப் பயப்படும் நோய் இது, வெளிநாட்டில்தான் வரும் என்று படித்தவர்களே சொல்கிறார்களாம். முற்றிப்போகும் முன்னால் ரத்தத்திலேயே கண்டுபிடிக்க ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று அவர் தேடுகிறார். ஆவுடையின் ரத்தத்தில் ஒரு குழாய் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன்.

இட்லி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள். தலையணை உறைக்குள் நான்கு இட்லி இருந்தது, நர்ஸ் எடுத்துக் காட்டினாள். ஆனால் நேற்று பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு உளுந்தங்களி கிண்டும் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கருப்பட்டிப் பாகு எப்போது ஊற்றுவது, நல்லெண்ணெய் எப்போது விடுவது, ஒட்டாமல் உருண்டு வரும் பதம் எது, எல்லாம் சொன்னாள். "எங்க அம்மா கிண்டுனா சட்டியில ஒட்டவே ஒட்டாது" என்றாள். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கே எச்சில் ஊறியிருக்கும். அரை மணி கழித்து ஆவுடைக்கு வந்த கஞ்சியை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

கடைசியாக ஒன்று. டாக்டர் முக்கியமாகச் சொன்னது இதுதான். அவள் ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கிவிட்டது. அந்த உப்பு இல்லாமல் இதயம் ஒழுங்காகத் துடிக்காது. நீ மூன்று மாதம் உப்பில்லாமல் சோறு போட்டாய். மேலே நான் என்ன எழுத?

குருநாதன்

---

மதுரை
18-7-86

அன்புள்ள முருகம்மாளுக்கு,

முந்தாநாள் எழுதிய கடிதத்தின் கடைசிப் பாராவைக் கிழித்துப் போட்டுவிடு.

நான் எழுதியது தவறு. தெரியாமல் எழுதியது என்று சொல்லவும் முடியாது. டாக்டர் "உப்பு" என்று சொன்னபோது எனக்கும் நம் வீட்டு உப்புச் சாடிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் உடனே, "இது சமையல் உப்பு இல்ல அண்ணாச்சி, பொட்டாசியம்னு வேற ஒண்ணு" என்று விளக்கினார். அதைக் கேட்ட பிறகும் நான் உனக்கு அப்படி எழுதினேன். குந்தாணி என்ற சொல் என்னைக் குத்தியிருந்தது. திருப்பிக் குத்த எனக்கு உப்பு கிடைத்தது.

அந்தப் பொட்டாசியம் இறங்கியது வாந்தியால்தான் என்கிறார். எச்சில் சுரப்பியிலிருந்து வரும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கூடியிருப்பதும் அதற்கு இன்னொரு அடையாளமாம். அவள் வாந்தி எடுத்து நான் பார்த்ததே இல்லை என்றேன். "பாக்க விடமாட்டாவ" என்றார். ஆவுடையிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ எப்போதாவது பார்த்தாயா?

உன் கேள்வியையும் கேட்டுவிட்டேன். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னேன். பத்தியத்தையும் சொன்னேன். யாரால் வந்தது என்று கேட்டேன். "ரத்தத்துல யாரு பேரும் எழுதியிருக்காது அண்ணாச்சி" என்றார்.

இப்போது மிக முக்கியமான விஷயம். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுக்கக் கூடாதாம். இனிப்பும் மாவும் திடுமென்று உள்ளே போனால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்புகளும் இறங்கி இதயம் நின்றுவிடக்கூடும். கரண்டிக் கணக்கில்தான் கஞ்சி கொடுக்கிறார்கள். மருந்து ஏற்றுகிறார்கள். தினமும் காலையில் ரத்தம் பார்க்கிறார்கள். அவள் கேட்டாலும் எதுவும் செய்து அனுப்பாதே. முறுக்கு, பழம்கூட வேண்டாம்.

இன்று இரண்டு கரண்டி கூடுதலாகக் குடித்தாள். "அம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். உன் வேண்டுதலை முடித்துக்கொண்டே வா. நான் கோபப்படவில்லை.

குருநாதன்

---

சங்கரன்கோவில்
19-7-86, சனிக்கிழமை காலை

ஆவுடை அப்பாவுக்கு,

இதை சேக் மைதீன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் நாளாகும்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து உப்புச் சாடியை எடுத்து மச்சு அலமாரியில் வைத்துவிட்டேன். என் பிள்ளைக்கு நான் போடாத உப்பு எனக்கு எதற்கு? அன்றிலிருந்து உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். வாயில் மண்ணை வைத்த மாதிரி இருக்கிறது. இதை அவள் மூன்று மாதம் தின்றிருக்கிறாள், நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரிதான். என் கைதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இத்துடன் தூக்குச்சட்டியில் உளுந்தங்களி இருக்கிறது. பக்குவம் சொன்னாள் என்று எழுதியிருந்தீர்களே, ஆசை இல்லாமல் சொல்லுவாளா? இன்று காலை கிண்டினேன். ஒட்டவில்லை. களியில் நான் ஒருநாளும் உப்புப் போடுவதில்லை. இன்று அலமாரியிலிருந்து சாடியை இறக்கி ஒரு கல் உப்பு போட்டிருக்கிறேன். அவளுக்குப் புரியும். பத்தியம் முடிந்தது என்று அம்மா சொன்னாள் என்று சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன்.

முருகம்மாள்

---

வாசுதேவநல்லூர்
22-8-86

ஆவுடை அப்பாவுக்கு,

அண்ணன் வீட்டில் இருக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நான் கிளம்பியதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும். நீங்கள் தடுக்கவில்லை. நாம் இரண்டு பேரும் அந்தப் பதினாறு நாளும் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒன்று கேட்க வேண்டும்.

அவளை நீங்கள் வேனில் கொண்டுவந்தது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தபசு. ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. விளைந்த பருத்தியையும் வத்தலையும் ஜனங்கள் சப்பரத்தில் எறிகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் தபால்காரர் வந்தார். உங்கள் பதினெட்டாம் தேதிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். துக்க வீடு என்று அவருக்குத் தெரியாது. பிரித்துப் பார்க்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டேன். போன வாரம்தான் படித்தேன்.

வாந்தி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நானும் பார்த்ததில்லை. ஆனால் சாப்பிட்டதும் அவள் கொல்லைக்குப் போய் வாழைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். வேறு யாரையும் ஊற்ற விடமாட்டாள். பொறுப்பான பிள்ளை என்று அதையும் நான் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

எதையும் அனுப்பாதே, இதயம் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் களி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை மதியம் அது அங்கே வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள்.

அவள் அதைத் தின்றாளா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

முருகம்மாள்

---

சங்கரன்கோவில்
25-8-86

அன்புள்ள முருகம்மாளுக்கு,

தின்னவில்லை.

சேக் மைதீன் தூக்குச்சட்டியை என் கையில்தான் கொடுத்தார். உன் கடிதத்தைப் படித்தேன். டாக்டர் சொன்னது நினைவில் இருந்ததால் சட்டியை அவள் கண்ணில் காட்டவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். சாயங்காலம் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் தின்றேன். வீணாக்க மனம் வரவில்லை. சட்டியைக் குழாயில் கழுவி எடுத்து வந்தேன்.

சனிக்கிழமை காலையில் எடுத்த ரத்தத்திலேயே பொட்டாசியம் இன்னும் இறங்கியிருந்தது. மருந்து ஏற்றியும் நிற்கவில்லை. இதயத்தின் தசையே மெலிந்துபோயிருந்தது என்று டாக்டர் சொன்னார். பல மாதமாக நடந்தது, ஒரு நாளில் நடந்ததில்லை. உன் களிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நீ மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் ஆபீசுக்கு லீவு போட்டு மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். அவள் ரத்தம் ஒரு குழாயில் இன்னும் பனிப்பெட்டியில் இருக்கிறதாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்றார். இன்னொரு பிள்ளைக்கு உதவும் என்றால் இருக்கட்டும் என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கண்ணாடிக் குழாய், மேலே ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கிறது. பெயர் இல்லை.

கொல்லை வாழை குலை தள்ளியிருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்கமாட்டேன்.

குருநாதன்

---

வாசுதேவநல்லூர்
7-9-86

ஆவுடை அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பினேன். படித்துவிட்டு அன்றைக்கு அண்ணன் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராஜபாளையம் போக ரோட்டில் நின்றேன். வந்த வண்டியில் சேக் மைதீன் இருந்தார். இப்போது தென்காசி வண்டிக்கு மாறியிருக்கிறாராம். என்னைப் பார்த்ததும் டிக்கெட் கிழிக்கிற கை நின்றுவிட்டது. ராஜபாளையத்தில் நான் இறங்கியதும் கூடவே இறங்கி வந்தார்.

"அக்கா, அண்ணாச்சி சொல்லக் கூடாதுன்னு கையப் பிடிச்சிக்கிட்டாவ. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு. பிள்ளைட்ட வாங்குன வார்த்தையா இருக்கு, சொல்லாம விட்டா எனக்குப் பாவம்" என்றார்.

நீங்கள் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்களாம். சட்டியை அவளிடம்தான் கொடுத்திருக்கிறார். "எங்க அம்மா குடுத்து விட்டாளா மாமா?" என்று கேட்டு, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாளாம். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாளாம். பிறகு சிரித்தாளாம். "பாருங்க மாமா, களியில ஒரு கல் உப்பு போட்டிருக்கா. எங்க அம்மா போடவே மாட்டா" என்றாளாம். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே தின்றாளாம். அடிச்சட்டியை விரலால் வழித்துத் தின்றாளாம். "நல்லாத் தின்னேன்னு அம்மாட்டச் சொல்லிருங்க" என்றாளாம். அதற்குப் பிறகு அவள் எழுந்து எங்கேயும் போகவில்லை, படுத்துத் தூங்கிவிட்டாள் என்றும் சொன்னார். அதை நான் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

உப்பு பற்றி எழுதியபோது என்னைக் குத்துவதற்காகப் பொய் எழுதினீர்கள். களி பற்றி எழுதியபோது என்னைக் காப்பாற்றப் பொய் எழுதினீர்கள். இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கிறது. இரண்டையும் நான் நம்பினேன். முதல் பொய்யை நம்பியதால்தான் களி கிண்டினேன். இதை நான் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நீங்கள் இதைத்தான் தின்றிருப்பீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்தக் களி அவளைக் கொன்றதா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றும் கேட்கமாட்டேன். கொன்றிருந்தால் அது என் கை. அதோடு நான் இருந்துகொள்கிறேன். ஆனால் ஒன்று. பொங்கலுக்குப் பிறகு என் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் பசித்திருக்கிறது. நான் கொடுத்ததை ஆசையாகத் தின்றிருக்கிறாள். சிரித்திருக்கிறாள். அவள் எனக்குச் சொல்லி அனுப்பிய கடைசி வார்த்தை அது. எனக்கு வலிக்கும் என்று அதையும் சேர்த்து நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இனி அப்படிச் செய்யாதீர்கள். எனக்குரியது எதுவானாலும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் குழாய் அங்கேயே இருக்கட்டும். அது களி வருவதற்கு முன்னால் எடுத்த ரத்தம்தானே? அதில் அவள் பசி இருக்காது.

நீங்களும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே சந்தைக்கு வந்து போன அண்ணன் சொன்னார். போதும்.

புதன்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வாழைக் குலையை வெட்டாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். உலையை மட்டும் வைத்து வையுங்கள். உப்பு நான் வந்து போடுகிறேன்.

முருகம்மாள்